அப்டேட் போட்டதும் போர்டு எழவில்லையா? முதலில் அது சொல்வதைப் படியுங்கள்

டெல்டாவில் சில மோட்டார் கொட்டகைகளில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியும் தொங்குகிறது. போனில் இருந்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் அது உதவும். வயலில் இறக்கிய துளைக் குழாயில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்றும் சொல்லும். பாலிடெக்னிக் பிள்ளைகள் புராஜெக்டாகச் செய்து, அப்பாவின் வயலிலேயே மாட்டிவிட்டுப் போனதாகவும் இருக்கலாம். திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கம்ப்யூட்டர் போர்டும், அதன் சொல்படி பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் ரிலே என்ற சுவிட்சும்தான் இருக்கும்.

இந்தப் பெட்டிக்கு ஏன் அப்டேட் தேவைப்படுகிறது? காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையையே எடுத்துக்கொள்வோம். குழாயில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மோட்டார் ஓட வேண்டும் என்று நிரல் எழுதியாயிற்று. ஆனால் பயிர் பூக்கும் பருவத்தில் அப்படிக் காயவிடக் கூடாது, வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த விதியைச் சேர்க்கப் புது ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். ஏற்றுகிறோம். பாதியில் ஏதோ சிவப்பு எழுத்து வருகிறது. அல்லது எல்லாம் முடிந்தது என்று வருகிறது, ஆனால் போர்டு அசைவற்றுக் கிடக்கிறது. உடனே வருகிற பேச்சு: "அண்ணே, போர்டு செத்துப்போச்சுண்ணே."

அநேகமாகச் செத்திருக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது, அதை முதலில் புரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

போர்டுக்குள் என்ன நடக்கிறது

போர்டில் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிப்பை ஓட்டும் நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். இஎஸ்பி32-ல் அது சிப்போடு சேர்ந்த ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. சாதாரணப் போர்டுகளில் இதன் அளவு 4 எம்பி. கரண்ட் போனாலும் அதில் எழுதியது அழியாது. புது ஃபர்ம்வேர் ஏற்றுவது என்றால், அந்த ஃபிளாஷில் உள்ள பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதுதான்.

ஆனால் சிப்புக்குள் இன்னொரு நினைவகமும் உண்டு: ராம் அல்ல, ரோம். 448 கேபி அளவுள்ள அதில் தயாரிப்பிலேயே பதித்துவிட்ட ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அதுதான் முதல் பூட்லோடர். போர்டுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் எழுவது இதுதான். ஆறு பிரியும் ரெகுலேட்டரில் லஸ்கர் நின்று, எந்த ஷட்டரைத் தூக்குவது என்று உத்தரவைப் பார்த்து முடிவு செய்வதைப் போல, இது 0 எண் பின்னை, அதாவது சிப்பின் கம்பிக் கால்களில் ஒன்றை, பார்க்கிறது. அந்தப் பின்னில் வோல்ட் உயர்வாக இருந்தால் ஃபிளாஷில் உள்ள நிரலை ஓடவிடும். தாழ்வாக இருந்தால், "புது நிரல் தரப்போகிறார்கள்" என்று கேபிளைப் பார்த்துக் காத்திருக்கும்.

இந்த ரோம் நிரலை நாம் அழிக்கவே முடியாது. எவ்வளவு தப்பான ஃபர்ம்வேரை ஏற்றினாலும், பாதி எழுதும்போது கரண்ட் போனாலும், ஃபிளாஷையே மொத்தமாகத் துடைத்தாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே வெறும் அப்டேட் தவறியதால் இஎஸ்பி32 நிரந்தரமாகச் சாவது என்பது சாதாரண உபயோகத்தில் நடப்பதில்லை. சிப்பைக் கொல்வது மின்சாரமும் ஈரமும்தான்: 3.3 வோல்ட் பின்னில் 5 வோல்ட் கொடுப்பது, ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவது, இது மாதிரியானவை.

ஃபிளாஷுக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. தொடக்கத்தில் இரண்டாம் பூட்லோடர், அப்புறம் எந்தப் பகுதியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பகுதிப் பட்டியல், அதற்கப்புறம்தான் நாம் எழுதிய நிரல். பழைய இஎஸ்பி32-ல் இவை ஹெக்ஸ் என்ற பதினாறடி எண் கணக்கில் 1000, 8000, 10000 என்ற முகவரிகளில் தொடங்கும். இந்த மூன்று எண்களை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

எந்தக் கட்டத்தில் நின்றது?

அப்டேட் கோளாறு என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. கம்ப்யூட்டர் போர்டைப் பார்க்கவே இல்லையா, பார்த்தும் பேச்சு தொடங்கவில்லையா, பேச்சு தொடங்கி எழுதும்போது அறுந்ததா, எழுதி முடித்தும் நிரல் எழவில்லையா? இந்த நாலில் எது என்று தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும். தெரியாமல் கேபிளை மாற்றி, போர்டை மாற்றி, நிரல் எழுதி ஏற்றும் ஐடிஇ மென்பொருளை அழித்து மறுபடி நிறுவி என்று சுற்றுவதில் ஒரு நாள் போய்விடும்.

கம்ப்யூட்டர் போர்டைப் பார்க்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். யுஎஸ்பி கேபிளில் கரண்டுக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. மலிவான சார்ஜர்களோடு வரும் கேபிள் பலவற்றில் தகவல் கம்பிகளே இருக்காது. போர்டில் சிவப்பு விளக்கு எரியும், அதைப் பார்த்து கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவோம். சோதிக்க எளிய வழி இருக்கிறது: அதே கேபிளில் ஒரு போனை இணைத்து, போனில் உள்ள படங்கள் கம்ப்யூட்டரில் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தக் கேபிளை ஓரமாக வைத்துவிடலாம்.

கேபிள் சரி என்றால் அடுத்தது டிரைவர். போர்டில் யுஎஸ்பி வாய்க்கு அருகில் ஒரு சின்ன சிப் இருக்கும். அதன் மேல் சிஎச்340 அல்லது சிபி2102 என்று எழுதியிருக்கும், போனின் கேமராவை நெருக்கி வைத்தால் படிக்கலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகி எடுத்துப் பாருங்கள். போர்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு காம் எண் வந்து போனால் நல்லது. மஞ்சள் ஆச்சரியக்குறி வந்தால் அந்தச் சிப்புக்கான டிரைவரைப் போட வேண்டும். லினக்ஸ் என்றால் உங்கள் பயனர் பெயர், போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். உபுண்டு 22.04-ல் இன்னொரு தொல்லை உண்டு. பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், சிஎச்340 சிப்பைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்தால் அதுதான் காரணம். உங்களுக்கு பிரெயில் கருவி தேவையில்லை என்றால் அந்த நிரலை நீக்கிவிடுங்கள்.

போர்ட் தெரிகிறது, ஆனால் "கனெக்டிங்" என்று போட்டுப் புள்ளி புள்ளியாக ஓடிக் கடைசியில் நின்றுவிடுகிறது என்றால் அது இரண்டாவது கட்டம். சிப் இன்னும் காத்திருக்கும் நிலைக்கு வரவில்லை. வழக்கமாக டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு சிக்னல்களை வைத்துக் கம்ப்யூட்டரே போர்டை அந்த நிலைக்குக் கொண்டுபோகும். சில போர்டுகளில் அந்தச் சர்க்யூட் சரியாக வேலை செய்யாது. கையால் செய்யுங்கள்: பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், ஈஎன் (ரீசெட்) பட்டனை ஒரு தட்டு தட்டுங்கள், அப்புறம் பூட்டை விடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், ஈஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு மைக்ரோஃபாரட் முதல் 10 மைக்ரோஃபாரட் வரை ஒரு கெப்பாசிட்டர் போட்டால் பல போர்டுகளில் சரியாகிவிடும்.

கேமரா உள்ள இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் பல போர்டுகளில் யுஎஸ்பி வாயே இல்லை. 0 பின்னை கிரவுண்டோடு ஒரு கம்பியால் இணைத்துத்தான் நிரல் ஏற்றுவோம். ஏற்றி முடித்ததும் அந்தக் கம்பியை எடுக்க மறந்தால், போர்டு எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் நிரலை ஓட்டாது, காத்துக்கொண்டே இருக்கும். அப்டேட் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

இஎஸ்பி32-க்குப் பதில் ஆர்டுயினோ யூனோ போர்டு வைத்திருப்பவர்கள் 0, 1 ஆகிய இரண்டு பின்களிலும் மாட்டிய கம்பிகளைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். நிரல் ஏறும் வழியே அந்த இரண்டு பின்கள்தான். அங்கே ஜிஎஸ்எம் மாடியூல் எதையாவது மாட்டியிருந்தால், "நாட் இன் சிங்க்" என்ற பிழை வந்து நிற்கும்.

எழுதும்போது பாதியில் அறுகிறதா? ஐடிஇயில் அப்லோடு வேகம் 921600 என்று இருக்கும். அதை 115200-க்கு இறக்குங்கள். சற்று நேரம் கூடும், ஆனால் நீளமான அல்லது தேய்ந்த கேபிளிலும் ஒழுங்காகப் போய்ச்சேரும்.

எழுதியாயிற்று, ஆனால் எழவில்லை

இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் கைவிடுகிறார்கள். உண்மையில் இங்கேதான் போர்டு அதிகம் பேசுகிறது. போர்டு அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் சீரியல் மானிட்டரை ஐடிஇயில் திறந்து, வேகத்தை 115200 என்று வைத்து, ஈஎன் பட்டனைத் தட்டுங்கள். பழைய இஎஸ்பி8266 போர்டு என்றால் முதல் சில வரிகள் குப்பையாகத் தெரியும், அது பூட் செய்திகளை 74880 வேகத்தில் அனுப்புகிறது. வேகத்தை மாற்றினால் படிக்கலாம்.

வருகிற வரிகள் புரியாத பாஷையில் இருப்பதுபோல் தோன்றும். அவற்றை மேலே ஓட்டிவிட்டு நம் நிரலின் வரிகளைத் தேட வேண்டாம். அந்த முதல் நாலைந்து வரியில்தான் விடை இருக்கிறது.

"வெயிட்டிங் ஃபார் டவுன்லோடு" என்று வந்தால், ஃபர்ம்வேரில் குறை இருப்பதாக எண்ண வேண்டாம். 0 பின் தாழ்வாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பின்னில் நீங்கள் ஏதாவது சென்சாரோ பட்டனோ மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

"இன்வேலிட் ஹெடர்" என்று சொல்லி, அதன் பக்கத்தில் வரிசையாக எஃப் எழுத்துகள் வந்துகொண்டே இருந்தால், ஃபிளாஷில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அழித்த ஃபிளாஷில் எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும், அதுதான் எஃப் எஃப் என்று தெரிகிறது. யாராவது முழு அழிப்பைக் கொடுத்துவிட்டு நிரலை மட்டும் எழுதியிருப்பார்கள். பூட்லோடரும் பகுதிப் பட்டியலும் திரும்ப எழுதப்படவில்லை. ஆர்டுயினோ ஐடிஇயிலிருந்து கேபிள் வழியாக ஏற்றினால் மூன்றும் சேர்ந்தே போகும், சரியாகிவிடும்.

நண்பர் அனுப்பிய .bin என்று முடியும் ஃபர்ம்வேர் கோப்பைத் தனிக் கருவியால் எழுதும்போது இதே குழப்பம் வேறு விதமாக வரும். மேலே சொன்ன மூன்று முகவரிகள் இங்கே தேவை. நிரல் மட்டும் உள்ள கோப்பு என்றால் 10000-ல் எழுத வேண்டும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த கோப்பு என்றால் 0-வில் எழுத வேண்டும். நிரல் கோப்பை 0-வில் கொண்டுபோய் எழுதினால் அது பூட்லோடரை மிதித்துவிடும். கோப்பை அனுப்புகிறவர் எந்த முகவரி என்பதையும் சேர்த்து அனுப்புவதுதான் முறை. இஎஸ்பி32-எஸ்3, இஎஸ்பி32-சி3 போன்ற புதிய சிப்களில் பூட்லோடரே 0-வில்தான் தொடங்குகிறது, அதனால் ஒரு சிப்புக்கான எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே எடுக்கவும் கூடாது.

"ஃபிளாஷ் ரீட் எரர்" வந்தால் ரிலேக்கோ சென்சாருக்கோ 12ஆம் பின்னைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பூட் ஆகும் நொடியில் அந்தப் பின் உயர்வாக இருந்தால், ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் கொடுக்கும்படி சிப் முடிவு செய்துவிடும். ஃபிளாஷ் அந்த வோல்ட்டில் பேசாது. மேசையில் வெறும் போர்டாக இருந்தபோது நன்றாக ஓடியது, வயலில் கம்பிகளை மாட்டியதும் எழவில்லை என்ற புகாரில் இது அடிக்கடி ஒளிந்திருக்கிறது. 6 முதல் 11 வரையுள்ள பின்களைத் தொடவே கூடாது. அவை ஃபிளாஷுக்கே போகிற கம்பிகள்.

ஐடிஇயில் ஃபிளாஷ் அளவை 16 எம்பி என்று தேர்ந்தெடுத்து 4 எம்பி போர்டில் ஏற்றினாலும் பூட் ஆகாது. கண்டறிந்த அளவு கோப்பில் சொன்னதைவிடச் சிறியது என்று வரியிலேயே எழுதியிருக்கும்.

"குரு மெடிடேஷன் எரர்" என்று வந்தால் சந்தோஷப்படலாம், அப்டேட் நன்றாகவே ஏறியிருக்கிறது. நம் நிரல் எழுந்து, எங்கேயோ இடறி விழுகிறது. ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது அப்டேட்டோடு சம்பந்தப்பட்டது. வைஃபை கடவுச்சொல், நீர்மட்ட அளவு போன்ற அமைப்புகள் என்விஎஸ் என்ற தனிப் பகுதியில் சேமிக்கப்படும். அப்டேட் போட்டாலும் அந்தப் பகுதி அழியாது. பழைய ஃபர்ம்வேர் ஒரு வடிவத்தில் எழுதி வைத்ததைப் புதியது வேறு வடிவத்தில் படிக்கப் போனால் தடுமாறும். முழு அழிப்புக் கொடுத்துச் சோதித்தால் ஓடும், பழைய அமைப்போடு ஓடாது. அப்படி என்றால் குறை இங்கேதான். மற்றபடி முழு அழிப்பை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். அதில் எல்லாத் தடயமும் சேர்ந்தே போய்விடும்.

கரண்ட்

"பிரவுன்அவுட் டிடெக்டர்" என்ற வரி நம் பகுதியில் தனி மரியாதைக்குரியது. சிப்புக்கு வரும் 3.3 வோல்ட் சுமார் 2.4-க்குக் கீழே சரிந்தால் அது தானே ரீசெட் ஆகிக்கொள்ளும். வைஃபையில் அனுப்பும்போது இஎஸ்பி32 ஒரே வீச்சில் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், அதனால் குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் தாள். லேப்டாப்பில் இருந்து மெலிந்த நீளக் கேபிளில் கொடுத்தால் கம்பியிலேயே வோல்ட் குறைந்துபோகும்.

கொட்டகையில் நிலைமை இன்னும் கடுமை. மூன்று பேஸ் மோட்டார் நேரடி ஸ்டார்ட்டரில் எழும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. லைன் கடைசியில் உள்ள கொட்டகையில் விளக்கு மங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நேரத்தில் ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருந்தால் அறுந்துபோகும். அப்டேட் போடும்போது மோட்டார் நிற்கட்டும், பக்கத்து வயல் மோட்டார் எப்போது ஓடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் கொண்டுபோக முடிந்தால் அதன் பேட்டரியிலேயே போர்டை ஓட்டி ஏற்றுவது மேல். சில பேர் நிரலில் இந்தப் பிரவுன்அவுட் கண்காணிப்பையே அணைத்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். வோல்ட் குறைவது அப்படியே இருக்கும், ஃபிளாஷில் தப்புத் தப்பாக எழுதும் அபாயம் மட்டும் கூடும்.

கடலோரம், வேதாரண்யம் பக்கம் போனால் யுஎஸ்பி வாயையும் கவனியுங்கள். உப்புக் காற்றில் அதன் தொடுமுனைகள் பச்சை பூத்துவிடும். பிளக்கை லேசாக அசைத்தால் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா என்று பாருங்கள்.

வைஃபையில் அப்டேட்

வயலுக்குப் போகாமலேயே ஃபர்ம்வேர் மாற்றுவதை ஓடிஏ என்கிறார்கள். இதற்காக ஃபிளாஷில் நிரலுக்கு இரண்டு இடம் ஒதுக்கப்படுகிறது. ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது எழுதப்படும். முழுதாக வந்து, சரிபார்ப்பும் முடிந்த பிறகுதான் அடுத்த பூட்டில் எதை ஓட்டுவது என்ற குறிப்பு மாறும். ஆகவே நடுவில் வைஃபை அறுந்தாலும் பழையது ஓடும். இது நல்ல வடிவமைப்பு, வயல் வேலைக்கு இதைவிட ஏற்றது இல்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டு இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் சிறிதாகிறது. ஆர்டுயினோவின் இயல்பான அமைப்பில் நிரலுக்கு 1310720 பைட்தான். நிரல் பெரிதானால் பகுதி அமைப்பில் "ஹியூஜ் ஆப்" என்பதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அதில் 3 எம்பி கிடைக்கும், ஆனால் இரண்டாவது இடம் இருக்காது, ஓடிஏவும் போய்விடும். பகுதிப் பட்டியலை வைஃபை வழியாக மாற்றுவதும் ஆரம்பநிலையில் செய்கிற வேலை இல்லை. எனவே முதல் தடவை கேபிளில் ஏற்றும்போதே இதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, ஓடிஏவை நடத்துவதே நிரலில் உள்ள ஒரு பகுதிதான். அது இல்லாத ஒரு சோதனை நிரலை வைஃபையில் ஏற்றிவிட்டால், அது நன்றாக ஓடும், ஆனால் அடுத்த அப்டேட்டை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதுதான். புது ஃபர்ம்வேர் சரியாக ஓடி, "நான் நலம்" என்று குறிக்காவிட்டால் தானே பழையதற்குத் திரும்பும் ரோல்பேக் வசதியும் இருக்கிறது. அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கினால், வைஃபையில் சேர்ந்து சென்சாரும் பதில் சொன்ன பிறகே நலம் என்று குறிக்கச் செய்யுங்கள். நிரல் தொடங்கியதுமே குறித்துவிட்டால் பயன் இல்லை.

ஒவ்வொரு ஃபர்ம்வேரும் எழுந்ததும் தன் பதிப்பு எண்ணை முதல் வரியாகச் சொல்லட்டும். புதியதுதான் ஓடுகிறதா, பழையதற்குத் திரும்பிவிட்டதா என்று அதை வைத்துத்தான் தெரியும்.

கடைசியாக ரிலே. அப்டேட் முடிந்ததும் போர்டு ரீசெட் ஆகும். நம் நிரல் எழுந்து பின்களைக் கையில் எடுக்கும் வரை அவை எந்த நிலையிலும் இருக்கலாம். சந்தையில் கிடைக்கும் ரிலே மாடியூல்கள் பல, பின் தாழ்ந்தால் இயங்குபவை. ஆகவே அந்த இடைவெளியில் ரிலே ஒரு கணம் ஒட்டி, 415 வோல்ட் மோட்டார் ஓடிவிடலாம். அருகில் ஒருவர் கை வைத்து நின்றால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரிலேக்கு 25, 26, 27, 32, 33 ஆகிய பின்களில் ஒன்றை எடுங்கள். அந்தப் பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். நிரலில் பின்னை அவுட்புட் ஆக்கியதும் முதல் வேலையாக ரிலேயை அணைத்துவிடுங்கள், வைஃபை தேடுவதெல்லாம் அப்புறம். கேபிளில் அப்டேட் போடுகிறீர்கள் என்றால் ஸ்டார்ட்டருக்கு வரும் மெயினை இறக்கிவிட்டே பெட்டியைத் திறங்கள். வைஃபையில் போடுகிறீர்கள் என்றால், கொட்டகையில் யாரும் இல்லை என்று போன் பண்ணிக் கேட்ட பிறகு அனுப்புங்கள்.